சர்வரில் கசியும் நினைவகம்: வேகம் குறையாமல் அடைப்பது எப்படி?

ஆன்லைனில் விண்ணப்பத்தை நிரப்பி, கடைசியில் பணம் கட்டும் பட்டனைத் தொட்டதும் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றுபோயிருக்கிறதா? நெட் சரியில்லை, போன் பழசு என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். ஆனால் சில நேரம் கோளாறு எங்கோ இருக்கும் சர்வரில், உங்கள் விவரங்களைக் காக்கும் தரவுத்தளத்தில் இருக்கும். மெமரி லீக், அதாவது நினைவகக் கசிவு, அதில் ஒரு வகை.

கசிவு என்றால் எதுவும் வெளியே ஒழுகாது. ஒரு வேலைக்கு வாங்கிய நினைவக இடத்தை, வேலை முடிந்தும் மென்பொருள் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வதுதான் அது.

உலகெங்கும் பயன்படும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அதனிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் (குவெரி என்பார்கள்) தனியாக ஓர் இடம் ஒதுக்கி, முடிந்ததும் மொத்தமாக விட்டுவிடும். பந்தியில் மிச்சத்தைத் தனித்தனியாகப் பொறுக்காமல் இலையோடு எடுத்துவிடுகிறோமே, அப்படி. சுத்தமான வேலை, நேரமும் மிச்சம்.

2018-ல் வந்த 11-ஆம் பதிப்பில் 'ஜிட்' என்ற வசதி சேர்ந்தது. பெரிய குவெரிகளை ஓடும் நேரத்திலேயே இயந்திர மொழிக்கு மாற்றி வேகப்படுத்தும். இதற்கு எல்எல்விஎம் என்ற வேறொரு மென்பொருளின் துணை வேண்டும். அது பிடிக்கும் இடமோ அந்த இலையில் சேராது! சிறு நிரல்களைக் குவெரிக்குள்ளேயே சேர்க்கும் 'இன்லைனிங்' நடக்கும்போதெல்லாம் கொஞ்சம் மிச்சம் தங்கியது. இணைப்பு துண்டித்தால் எல்லாம் போய்விடும். நாள்கணக்கில் திறந்தே இருக்கும் இணைப்புகளில்தான் தொல்லை. நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் அந்த இணைப்பைக் கொன்றுவிடும். உடனே போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு மறுபடி எழும். ஒருவரின் குவெரி, எல்லாருக்கும் தடங்கல்.

இன்லைனிங்கை நிறுத்தினால் கசிவு நிற்கும், ஆனால் பெரிய குவெரிகள் மெதுவாகலாம். ஒவ்வொரு குவெரிக்கும் எல்எல்விஎம் இடத்தைக் கலைத்துக் கட்டினாலும் அதே கதைதான், ஏனென்றால் அடிப்படை விவரங்களைத் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். 2023 நவம்பரில் வந்த 16.1 பதிப்பில் நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள். எண்ணிக்கொண்டே வந்து, சுமார் 100 முறை பயன்படுத்தியபின், எந்தக் குவெரியும் அதைப் பிடித்திராத நேரம் பார்த்து, கலைத்துப் புதிதாகக் கட்டுவது. செலவு நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. கசிவு முழுசா நிற்கவில்லைதான். ஆனால் ஓர் அளவுக்கு மேல் வளர முடியாது. எந்நேரமும் ஓடும் சேவைக்கு அது போதும். ராத்திரியில் சர்வரை ரீஸ்டார்ட் செய்து சமாளிப்பதைவிட எவ்வளவோ மேல்.

உங்கள் பக்கம்? பாதியில் அறுந்த பதிவை தரவுத்தளம் தானே ரத்து செய்துவிடும். முழுமையாக ஏறிய பதிவு பத்திரமாக இருக்கும். ஆனால் வங்கியில் கழிந்த பணம் வேறொரு கணினியின் கணக்கு. அதனால் உடனே இரண்டாம் முறை கட்டாதீங்க. விண்ணப்ப எண், பரிவர்த்தனை எண், நேரம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, சற்று நேரம் கழித்து விண்ணப்ப நிலையைப் பாருங்க. போனில் கேச் அழிப்பது, ஆப்பை நீக்கி மறுபடி ஏற்றுவது எல்லாம் இந்த வகைக் கோளாறுக்கு உதவாது.