ராணி பாக்கில் தீனி கேட்காத யானை!

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மும்பை பைகுலாவில் உள்ள ராணி பாக் மிருகக்காட்சி சாலையில் கூட்டம் அலைமோதும். சயானில் இருந்தும், மாதுங்காவில் இருந்தும் ஸ்லோ ரெயிலைப் பிடித்துக் குழந்தை குட்டிகளோடு நம்மவர்கள் வந்து இறங்குவார்கள். "பெங்குவின் எங்கே? புலி எங்கே?" என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள்.

அந்த அவசரத்தில், மியூசியத்தை ஒட்டி நிற்கும் ஒரு யானை பலர் கண்ணில் படுவதே இல்லை.

அது கல் யானை. வெயிலிலும் மழையிலும் அசையாமல் நிற்கிறது. அருகில் போய்ப் பார்த்தால் உடம்பு முழுவதும் ஒட்டுப்போட்ட தடம் தெரியும். பிள்ளைகள் விளையாடுவதற்காக யாரோ செய்து வைத்த பொம்மை என்று நினைத்தால் தவறு. எலிபெண்டா தீவுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததே இந்த யானைதான்!

தீவுக்குப் பெயர் வந்தது

அந்தத் தீவின் சொந்தப் பெயர் காராபுரி. உள்ளூர் மக்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் படகில் போய் இறங்கியபோது, கரையின் அருகே கரும்பாறையில் செதுக்கிய பெரிய யானை ஒன்று நின்றது. அதைப் பார்த்துத்தான் "யானைத் தீவு" என்று தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள்.

யானையின் முதுகில் ஒரு சிறு மிருகமும் செதுக்கப்பட்டு இருந்தது. அது குட்டி யானை என்று சில பயணிகள் எழுதினார்கள். இல்லை, புலி என்றார்கள் வேறு சிலர். இப்போது சொல்வதற்கு அந்த மிருகமே இல்லை.

1814-ம் ஆண்டு யானையின் தலையும் கழுத்தும் விழுந்துவிட்டன. மிச்சத்தை 1864-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றப் பார்த்தார்கள். தூக்கும்போது அது கீழே விழுந்து நொறுங்கியது என்று கூறப்படுகிறது. உடைந்த கல்லை லண்டனுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? துண்டுகள் பம்பாயில் விக்டோரியா தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அந்தத் தோட்டம்தான் இன்றைய ராணி பாக். அங்கே அவை ஏறக்குறைய 50 ஆண்டுகள் கிடந்தன. 1914-ல் காடெல், ஹெவெட் என்ற 2 வெள்ளைக்காரர்கள் அவற்றைப் பொருத்தி யானையை மறுபடி நிற்க வைத்தார்கள்.

முழுசாக இருந்திருந்தால் கடல் கடந்து போயிருக்கும். உடைந்ததால் தப்பியது!

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களின் அருகே நிற்கும் யானையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். அதுவும் ஒரே பாறையில் செதுக்கியதுதான். ஆனால் அது பிறந்த இடத்திலேயே நிற்கிறது. இந்த யானைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கறுப்புக் குதிரை

ராணி பாக்கில் யானைக்குத் துணையாக ஒரு குதிரையும் உண்டு. கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் தினமும் "காலா கோடா" வழியாகப் போகிறார்கள். கறுப்புக் குதிரை என்று அர்த்தம். பின்னாளில் 7-ம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர், 1875-76-ல் இந்தியாவுக்கு வந்தார். அதன் நினைவாக, அவர் குதிரை மேல் அமர்ந்திருப்பது போன்ற வெண்கலச் சிலையை வணிகர் ஆல்பர்ட் சசூன் வழங்கினார். 1879-ல் அது அங்கே வைக்கப்பட்டது. மக்களோ இளவரசரை விட்டுவிட்டுக் குதிரையின் பெயரையே அந்த இடத்துக்குச் சூட்டினார்கள்!

1965-ல் சிலையைப் பெயர்த்து ராணி பாக்குக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்கார இளவரசர் மேல் இருந்த கோபத்தில் பாவம், குதிரையும் இடம் மாறியது. குதிரை இல்லாமலேயே 52 ஆண்டுகள் அந்த இடம் "காலா கோடா"வாக இருந்தது. 2017-ல்தான் அங்கே புதிய கறுப்புக் குதிரை வைக்கப்பட்டது. அதன் முதுகில் யாரும் இல்லை.

எலிபெண்டாவில் யானை இல்லை. அதைப் பார்க்கக் கேட்வேயில் இருந்து ஒரு மணி நேரம் படகில் போக வேண்டியதும் இல்லை. பைகுலா ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போதும். புதன்கிழமை மட்டும் போய்விடாதீர்கள். அன்று மிருகக்காட்சி சாலைக்கு விடுமுறை.