பெயரும் வகையும்: நிரல் எழுதுவோர்க்கு முதற் பாடம்

தமிழில் ஒரு பெயரின் திணையறிந்தே அதற்குரிய வினைமுற்று அமைகிறது. 'மாணவன் வந்தான்', 'மாடு வந்தது' என்பன வழுவற்றவை. 'மாடு வந்தான்' என்பது திணை வழு. கணினி நிரலிலும் இதனையொத்த வகைப்பாடு உண்டு.

நிரல் இயங்குகையில் ஒரு மதிப்பை இருத்தி வைக்க நினைவகத்தில் இடம் வேண்டும். அவ்விடத்துக்கு இடும் பெயரே மாறி. அங்கு எத்தகைய மதிப்பு இருக்கலாம் என்பதைக் குறிப்பது தரவு வகை. வகுப்பு மாணவர் தொகை முழு எண். உயரம் தசம எண். ஊர்ப்பெயர் எழுத்துத் தொடர். சி முதலிய மொழிகளில், மாறியைக் கையாளுமுன் அதன் வகையை அறிவித்தல் வேண்டும். பைதானில் அவ்வறிவிப்பு வேண்டா. எனினும் மதிப்புக்கு வகை உண்டு. 10, 5 என்பன எண்களாயின் கூட்டுத்தொகை 15. எழுத்துத் தொடர்களாயின் இரண்டும் இணைந்து 105 ஆகும்.

மலேசியக் கைத்தொலைபேசி எண்கள் சுழியில் தொடங்குவன. அவற்றை முழு எண்ணாக வைத்தால் முதற் சுழி மறைந்துவிடும். அவற்றைக் கூட்டுவாரும் பெருக்குவாரும் இலர். ஆதலின், எண் என்று வழங்கினும் அவற்றுக்கு எழுத்துத் தொடரே தக்க வகை.

வகை, இடத்தின் அளவையும் வரையறுக்கும். குறியுடைய 16 பிட் முழு எண்ணில் -32,768 முதல் 32,767 வரையே அடங்கும். இவ்வரம்பு மீறப்பட்டதன் விளைவை 1996 ஜூன் 4ஆம் நாள் உலகம் கண்டது. பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியான் 5 ராக்கெட், ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. அது சுமந்து சென்ற நான்கு விண்கலங்களும் அழிந்தன. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக நிரல் மாற்ற முயன்றது. எண் அவ்விடத்தில் அடங்கவில்லை. வழிகாட்டும் கருவி செயலிழந்தது. ராக்கெட் திசை பிறழ்ந்தது.

அந்நிரற்பகுதி ஏரியான் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. அதன் வேகத்துக்கு அவ்விடம் போதியதாக இருந்தது. ஏரியான் 5 தொடக்கத்திலேயே கூடுதலான கிடைமட்ட வேகம் பெற்றது. ஆகவே, வகையை அறிவியாமையன்று அங்கு நேர்ந்த பிழை. அறிவித்த வகை புதிய மதிப்புக்குப் பொருந்துமா என்று மீண்டும் ஆராயாமையே பிழை.

மாறிக்குப் பெயரிடக் கற்பிக்கும் ஆசிரியர், மூன்று வினாக்களையும் உடன் கற்பித்தல் நன்று: இது கணக்கிடுதற்குரியதா? பின்னம் வருமா? இதன் மிகப் பெரிய மதிப்பு யாது? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே வகையை எழுதுதல் முறை.