வணிகத் தரவுத்தளமும் லினக்ஸ் வழங்கல்களும்

லினக்ஸ் என்பது, கண்டிப்பாகச் சொன்னால், கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு ஆளும் கெர்னல் மட்டுமே ஆகும். அதனோடு நூலகங்களையும் கருவிகளையும் சேர்த்து முழு இயங்குதளமாக அளிக்கப்படும் தொகுப்பு ‘வழங்கல்’ எனப்படுகிறது. 1998-இல் லினக்ஸுக்கு வந்த ஆரக்கிள் தரவுத்தளம், இந்தக் கெர்னலை மிக நெருக்கமாகச் சார்ந்து இயங்குகிறது. சான்றாக, வழக்கமான 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்தால் 64 கிகாபைட் பகிர்வு நினைவகத்துக்கு ஏறத்தாழ 1.68 கோடி பக்கங்களைக் கணக்கில் வைக்க நேர்வதால், 2 மெகாபைட் அளவுள்ள ‘பெரும்பக்கங்கள்’ ஒதுக்கப்பட்டு, அந்த எண்ணிக்கை 32,768 ஆகக் குறைக்கப்படுகிறது.

இத்தகைய அமைப்புகளை இலவச வழங்கலிலும் செய்ய இயலும். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலிலிருந்து உருவான சென்ட் ஓஎஸ், கட்டண வழங்கலோடு ஏறக்குறைய முழுமையாக ஒத்திருந்ததால், ஆரக்கிளை அதில் நிறுவுவது கடினமாக இருக்கவில்லை. எனினும் ஆரக்கிள் தன் தரவுத்தளத்துக்கெனச் சோதித்துச் சான்றளித்த வழங்கல்களில் ரெட் ஹாட்டும் சூசேயும் இடம்பெற்றனவேயன்றிச் சென்ட் ஓஎஸ் இடம்பெறவில்லை. சான்றளிக்கப்படாத தளத்தில் கோளாறு எழுந்தால், அது தரவுத்தளத்தின் பிழையா, இயங்குதளத்தின் பிழையா என நிறுவும் சுமை பயனரையே சேர்கிறது. ஆகவே சந்தா செலுத்துவோர் பெறுவது வேறொரு நிரல் அன்று. பொறுப்பேற்கும் ஒரு தரப்பும், குறித்த ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களுமே ஆகும்.

அவ்வுறுதியின் மதிப்பு 2020 டிசம்பரில் தெளிவாயிற்று. 2029 வரை பராமரிக்கப்படும் என எதிர்பார்க்கப்பட்ட சென்ட் ஓஎஸ் 8, 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என ரெட் ஹாட் அறிவித்ததால், அதை நம்பியிருந்த நிறுவனங்கள் ஓராண்டுக்குள் இடம்பெயர வேண்டியதாயிற்று. ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் ஆகியவை அந்த வெற்றிடத்தை நிரப்பவே தோன்றின.

ஆனால் இலவசம் என்பதனாலேயே ஒரு வழங்கல் சான்றற்றது என்று முடிவுகட்டிவிடலாகாது. 2006-இல் அறிமுகமான ஆரக்கிள் லினக்ஸும் ரெட் ஹாட்டின் மூலநிரலிலிருந்து பிறந்ததே. அதை இலவசமாகப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம், ஆரக்கிளின் சான்றும் அதற்கு உண்டு, ஆதரவை விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்துகின்றனர். கற்பதற்கு எந்த இலவச வழங்கலும் போதுமானது. வங்கிக் கணக்கையோ மருத்துவமனைப் பதிவேட்டையோ தாங்கும் தரவுத்தளத்துக்கோ, விலையைப் பார்க்குமுன் தரவுத்தளம், வழங்கல், கெர்னல் ஆகிய மூன்றின் பதிப்பு எண்களும் ஒருசேரச் சான்றுப் பட்டியலில் உள்ளனவா என்பதைச் சரிபார்ப்பதே முதற்கடமையாகும்.