பிடிக்காத விதியைப் பற்றி இரண்டு நிமிடம்

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், மாகறல்)



வெளிநாட்டு வேலை, மேற்படிப்பு என்று கனவு காணும் நம்மில் பலரும் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். 1989-ல் இந்தப் பெயரோடு ஆரம்பித்த தேர்வு. கேட்பது, படிப்பது, எழுதுவது ஆகிய மூன்றையும் தம் கட்டிப் படித்துச் சமாளித்துவிடலாம். நாலாவதாக வரும் பேச்சுத் தேர்வுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது!

பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதலில் ஊர், வீடு, படிப்பு என்று சாதாரணக் கேள்விகள். மூன்றாவது பகுதி விவாதம். நடுவில் வருவதுதான் அட்டை. தேர்வாளர் ஒரு தலைப்பு அட்டையைக் கொடுப்பார். கூடவே பேப்பரும் பென்சிலும். யோசிக்க 1 நிமிடம். அப்புறம் யாரும் குறுக்கே பேசாமல் 1 முதல் 2 நிமிடம் நாமே பேச வேண்டும். நேரம் முடிந்தால் அவரே நிறுத்திவிடுவார். அதற்காகப் பயப்பட வேண்டாம், அது குறை இல்லை.

அந்த அட்டைகளில் ஒன்று: “பள்ளியிலோ வேலை இடத்திலோ உங்களுக்குப் பிடிக்காத ஒரு விதியைப் பற்றிச் சொல்லுங்கள்.” கீழே சின்னச் சின்னக் குறிப்புகள் இருக்கும். என்ன விதி, ஏன் பிடிக்கவில்லை, மற்றவர்கள் என்ன நினைத்தார்கள், நீங்கள் அதைக் கடைப்பிடித்தீர்களா என்கிற மாதிரி.

பார்க்க சுலபம். ஆனால் நம்ம பசங்களுக்கு இதுதான் கஷ்டமான அட்டை என்பேன். காரணம் ஆங்கிலம் மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். “வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும், எதிர்த்துப் பேசாதே” என்று சொல்லியே வளர்த்தார்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதே பாட்டுதான். அப்படி வளர்ந்தவனிடம் கோட்டு போட்ட ஒருவர் எதிரே உட்கார்ந்து “பிடிக்காததைச் சொல்” என்றால் என்ன செய்வான்? “ஆல் ரூல்ஸ் ஆர் குட் சார்” என்பான். பத்தே விநாடியில் பேச்சு முடிந்துவிடும். இல்லாவிட்டால் மனசில் கிடந்ததை எல்லாம் கொட்டி, பிரின்சிபாலில் ஆரம்பித்து கேன்டீன் டீ வரைக்கும் திட்டுவான். ஒரு விதியைக்கூட உருப்படியாகச் சொல்லியிருக்க மாட்டான்.

தேர்வாளர் நான்கு விஷயத்துக்குத்தான் மதிப்பெண் போடுகிறார். தடையில்லாமல் தொடர்ச்சியாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. நம் கருத்து சரியா தப்பா என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது! விதியைப் பிடிக்கவில்லை என்று சொன்னதற்காக ஒரு அரை பேண்டு கூடக் குறையாது. இதை முதலில் நம்ப வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பித்தால்தான் மாட்டிக்கொள்வோம். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பயிற்சி உண்டு.

சரி, எந்த விதியை எடுப்பது? ஒர்க்‌ஷாப்பில் ஷூ போடாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் லேத்திலிருந்து சூடான சுருள் காலில் விழுந்தால் தெரியும், அந்த விதி ஏன் என்று. அதை எதிர்த்து இரண்டு நிமிடம் பேசினால் நமக்கே சிரிப்பு வரும். காரணம் இருப்பதாகச் சொல்வார்கள், ஆனால் அந்தக் காரணம் நிற்காது. அப்படிப்பட்ட விதிதான் பேசத் தோதானது.

நம்ம காஞ்சிபுரத்துக்காரனுக்கு அப்படி ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரக்கூடாது என்ற விதி. பழைய பட்டுக்கடைகளில் பாய் விரித்து, விற்கிறவரும் வாங்குகிறவரும் உட்கார்ந்தே சேலை பார்ப்பார்கள். கவுண்டர் வைத்த பெரிய கடை வந்ததும் ஊழியர் நின்றே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. எங்கள் அப்பா குழித்தறியில் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்தே நெய்கிறார். அக்கா ஒரு கடையில் (பெயர் வேண்டாமே) அந்த மாதிரிச் சேலையையே நாள் முழுக்க நின்று விற்கிறாள். ராத்திரி வந்தால் வெந்நீரில் கால் வைத்துக்கொண்டுதான் சாப்பாடு. கூட்டமே இல்லாத மதியத்தில்கூட ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன். “உட்கார்ந்தா கஸ்டமருக்கு மரியாதை இல்லையாம்டா” என்றாள்.

இந்த விதி எங்கே உடைந்தது தெரியுமா? கோழிக்கோட்டில். தையல் வேலை செய்த பி.விஜி என்ற பெண்ணும் அவர் தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பும், கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று ஆரம்பித்துப் பிறகு உட்காரும் உரிமைக்கும் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அடுத்து நம் மாநிலம். 2021 செப்டம்பர் 6-ந் தேதி அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1947-ம் வருஷத்து தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்பது அதன் சாரம். இதில் வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவே சொல்லியிருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு அது வந்து சேர 73 வருஷம்! அக்கா கடையிலும் இப்போது ஸ்டூல் இருக்கிறது. அதில் உட்கார இன்னும் தைரியம்தான் வரவில்லை.

இப்போது அட்டையை எடுத்துப் பாருங்கள். என்ன விதி, யாருக்கு வலித்தது, முதலாளி சொன்ன காரணம் என்ன, மற்றவர்கள் என்ன செய்தார்கள், கடைசியில் என்ன மாறியது. இரண்டு நிமிடம் போதாது! அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுத உட்காராதீர்கள். “சிஸ்டர், ஷாப், ஸ்டேண்டிங், 2021, ஸ்டூல்” என்று ஐந்து சொல் போதும்.

இலக்கணத்தில் நாம் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழில் “கூடாது” என்ற ஒரே சொல்லை வைத்து ஊரையே மிரட்டிவிடலாம். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. “ஷி ஷுட் நாட் சிட்” என்றால் உட்காராமல் இருப்பது நல்லது என்று நாமே புத்தி சொல்வது போல ஆகிவிடும். விதியைச் சொல்ல “ஷி வாஸ் நாட் அலவுட் டு சிட்” என்க வேண்டும். “மஸ்ட்” இறந்த காலத்துக்கு உதவாது, அங்கே “ஹேட் டு” வரும். “மஸ்ட் நாட்” என்றால் கூடாது, “டோண்ட் ஹேவ் டு” என்றால் தேவையில்லை. இரண்டையும் மாற்றிப் போட்டால் விதியே தலைகீழ். “தே மேட் ஹெர் ஸ்டேண்ட்” என்பதில் நடுவே “டு” போடக்கூடாது. கோபத்தைக் காட்ட “ஐ ஹேட்” என்று பத்துத் தடவை சொல்வதைவிட, “ஐ கேன் சீ வொய் தே ஹேட் திஸ் ரூல், பட்...” என்று எதிராளி பக்கத்தையும் ஒரு வரி தொட்டுவிட்டு நம் கட்சிக்கு வந்தால் பேச்சும் நீளும், இலக்கணமும் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது பகுதியில் “விதிகளை யார் போட வேண்டும்? விதி மாறலாமா?” என்று பொதுவாகக் கேட்பார்கள். 4, 5 நிமிடம் ஓடும். இதற்கும் புத்தகம் தேட வேண்டாம். எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் உத்திரமேரூர். அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து குடவோலை விதிகள் வெட்டியிருக்கின்றன. கி.பி. 919-ல் வெட்டிய கல்வெட்டில் உறுப்பினர் வயது 30 முதல் 60 வரை. 921-ல் வெட்டியதில் 35 முதல் 70 வரை. கல்லில் வெட்டிய விதியையே இரண்டு வருஷத்தில் மாற்றியிருக்கிறார்கள்! கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் நிற்க முடியாது என்று போட்டதை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற சொந்த நிலம் வேண்டும் என்றும் அதே சுவரில் இருக்கிறது. தறியைத் தவிர வேறு சொத்து இல்லாத எங்கள் அப்பாவுக்கு அங்கே ஓலை கிடையாது. இது ரொம்ப நல்ல விதி, இது எனக்குப் பிடிக்காத விதி என்று ஒரே சுவரைக் காட்டி இரண்டையும் சொல்லலாம். தேர்வாளர் அடுத்த கேள்வியை அங்கிருந்தே கேட்பார்.