சலவைத்தூள் பெயரில் ஒரு துகள்

பாத்திரம் கழுவும் ‘ஆக்சியன்’ டப்பாவை நம்மில் பலருக்குத் தெரியும். இயற்பியலிலும் ஓர் ஆக்சியன் உண்டு. அமெரிக்காவில் அதே பெயரில் விற்ற சலவைத்தூளைப் பார்த்து ஃபிராங்க் வில்செக் வைத்த பெயர். கறை போக்கும் துகளாயிற்றே!

அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலுவிசை, துகளையும் அதன் கண்ணாடிப் பிம்பமான எதிர்த்துகளையும் ஏன் பாரபட்சமின்றி நடத்துகிறது? அதுதான் கறை. 1977-இல் ராபர்ட்டோ பெச்சேயும் ஹெலன் குவினும் புதிய சமச்சீர்மை ஒன்றைச் சேர்த்து விடை சொன்னார்கள். அது உடையும்போது மிக இலேசான துகள் ஒன்று பிறக்கும் என்று வில்செக்கும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் காட்டினார்கள்.

பிரபஞ்சத்தின் கரும்பொருளே அதுவாக இருக்கலாம். இன்னும் சிக்கவில்லை. சியாட்டலில், வலிய காந்தத்துக்குள் ஒரு கலத்தை வைத்து, வானொலியில் நிலையம் தேடுவதுபோல அலைவரிசையை மெல்ல மெல்ல நகர்த்துகிறார்கள். ஆக்சியன் அங்கே நுண்ணலையாக மாறினால் சிக்னல் கிடைக்கும். எங்கள் நிலையத்தில் இரண்டு விநாடி மௌனம் வந்தாலே பதறிவிடுவோம். அங்கே ஆண்டுக்கணக்காக வெறும் இரைச்சல்தான்.