விண்வெளியில் இரத்தக் குழாய் படும் பாடு

விண்வெளியில் மிதப்பது சுகமான வேலை என்றுதானே நினைக்கிறோம், தோழர்களே? உடம்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

பூமியில் நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். கெண்டைக்கால் சதை அதை மேலே தள்ளும். எடை தெரியாத இடத்திலோ அது தலைப்பக்கம் ஏறிவிடும். முகம் வீங்கும், கால் மெலியும். 2019-இல் வெளிவந்த ஆய்வில் 11 பேரைச் சோதித்தார்கள். 6 பேருக்குக் கழுத்துச் சிரையில் இரத்தம் தேங்கியது, அல்லது பின்னோக்கி ஓடியது. ஒருவருக்குக் கட்டியாகவே உறைந்துவிட்டது!

இதயத்துக்கும் வேலை குறைகிறது. ஸ்காட் கெல்லி 2015-16-இல் 340 நாள் அங்கே இருந்தார். உடற்பயிற்சியை விடாமல் செய்தும் அவருடைய இதயச் சதை குறைந்தது. ஆனால் இதயம் நன்றாகவே இயங்கியது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. நாள்கணக்கில் படுத்தே கிடந்தாலும் சதையும் இதயமும் தளரும். வேலை ஓய்ந்த அப்பா அம்மாவை, 'படுத்திருக்கட்டும்' என்று விட்டுடாதீங்க. டாக்டர் தடுக்காவிட்டால் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க. எழும்போது முதலில் உட்காரட்டும், பிறகு நிற்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல் உடனே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க.