குளிரூட்டியை நிறுத்தாதீர்கள், அதன் சுமையைக் குறையுங்கள்



வெயில் நாளொன்றில் வேலை முடிந்து வீடு வருகிறீர்கள். குளிரூட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. அம்மம்மா வியர்த்துப்போய் இருக்கிறார். கேட்டால், "பில் கூடிவிடும் பிள்ளை, ஊரில் நாங்கள் காணாத வெயிலோ" என்பார்.

உண்மையில் இது ஊரில் காணாத வெயில்தான். 2020 ஜனவரி 4ஆம் திகதி மேற்கு சிட்னியின் பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. அவுஸ்திரேலியாவில் வேறெந்த இயற்கை அனர்த்தத்தையும்விட வெப்ப அலைகளே அதிக உயிர்களைப் பறித்துள்ளன. முதியோருக்கே ஆபத்து அதிகம். ஆகவே குளிரூட்டியை நிறுத்தாமல் செலவைக் குறைக்கும் வழியைப் பார்ப்போம்.

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. வீட்டுக்குள் உள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. உள்ளே வரும் வெப்பம் குறைந்தால் அதன் வேலையும் குறையும்.

முதலில் வடிகட்டி. அதில் தூசி படிந்தால் காற்றோட்டம் தடைப்படும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முன்மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்றுங்கள். தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திப் பூட்டுங்கள். கோடையில் மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். வெளியே உள்ள பெட்டியைச் சுற்றிச் சருகோ சாமான்களோ இருக்கக் கூடாது.

அடுத்தது யன்னல். மேற்குப் பக்க யன்னல்களுக்கு வெளியே நிழல் கொடுப்பதே சிறந்தது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுச் செய்யுங்கள். முடியாவிட்டால் காலையிலேயே திரைச்சீலைகளை மூடிவிடுங்கள். கதவின் கீழுள்ள இடைவெளியைப் பழைய துவாயைச் சுருட்டி அடைக்கலாம். ஆட்கள் இல்லாத அறைகளின் கதவுகளைச் சாத்திவிடுங்கள். இரவில் வெளியே குளிர்ந்ததும் யன்னல்களைத் திறவுங்கள்.

மூன்றாவது ரிமோட். 18இல் வைத்தால் குளிரூட்டி ஓய்வின்றி ஓடும். ஒவ்வொரு பாகை குறைக்கும்போதும் மின்செலவு சுமார் 5 முதல் 10 வீதம் கூடும். 25இல் வைத்து, கூடவே மின்விசிறியையும் போடுங்கள். மின்விசிறிக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும்.

இவ்வளவு செய்தும் குளிராவிட்டால் வாயு கசிந்திருக்கலாம். அதை உரிமம் பெற்றவரே திருத்த வேண்டும்.

இன்றே வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். பிறகு அம்மம்மாவிடம் சொல்லுங்கள்: "பில்லை நாங்கள் பார்த்துக்கொள்ளுறம், நீங்கள் ஏ.சி.யை நிப்பாட்டாதேங்கோ."